ஒரு மணி நேரம் என்று சொன்னேன்

நாட்டின் வடகோடியில் உள்ள பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று முதலில் சொன்னவள் என் மகள். அக்காவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று எனக்கு இந்திய விசாவும் எடுத்துக் கொடுத்தாள். மழை விடட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அக்கா கல்யாணமான கையோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவள். இங்கே போலவே அங்கே கோத்தகிரியிலும் தேயிலைக் கொழுந்துதான் பறித்தாள். போனில் பேசும்போதெல்லாம், "எப்படா வருவ?" என்பாள்.

"தூரமா இருக்கேக்கா" என்பேன்.

அவள் இறந்த அன்று காலையில் அவளுடைய மகள் கூப்பிட்டாள்.

"அம்மா போயிட்டாங்க மாமா. பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் போடணும். வர முடியலன்னா சொல்லிருங்க, ஒங்க பேர்ல இங்கயே ஒரு சேலை வாங்கிக்கிறோம்."

எங்கள் ஆட்களிடம் மணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

என் மகள் உடனே டிக்கெட் பார்த்தாள். எங்களுக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இடமில்லை. பலாலியிலிருந்து மறுநாள் பகலில் இருந்தது.

"வாங்க வேணாம்மா" என்றேன். "ஒரு மணி நேரந்தான் பிளைட்டு. நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். வச்சிருங்க."

நான் தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவன். எங்கள் யட்டியாந்தோட்டையிலிருந்து பலாலிக்கு ஒரு பகல் முழுக்க பஸ் என்பதும், திருச்சியில் இறங்கினால் மலையேற இன்னும் அரை நாள் வேண்டும் என்பதும் தெரியாமல் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால் நான் இல்லாமலே எடுத்துவிடுவார்கள். அதனால் பறக்கிற நேரத்தை மட்டும் சொன்னேன்.

பஸ் ஏறுமுன் பஜாரில் சேலை வாங்கினேன். கடை முதலாளி, "யாருக்கு சேர், வீட்டம்மாவுக்கா?" என்றார்.

"அக்காவுக்கு."

"அப்ப நல்லதாவே பாப்போம். என்ன கலர் விருப்பம் அவங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவரே ஒரு மஞ்சள் சேலையை எடுத்துத் தந்தார்.

விமானத்தில் கண்ணயர்ந்தேன், விழித்தபோது இறங்கிக்கொண்டிருந்தோம். பயணத்தில் அந்தத் துண்டு மட்டும் நான் சொன்னபடியே இருந்தது. பிறகு, "எங்க மாமா இருக்கீங்க?" என்று அக்காவின் மகள் போனில் கேட்ட ஒவ்வொரு முறையும், "பக்கத்துல வந்துட்டேம்மா" என்றேன். போய்ச் சேர்ந்தபோது அடுத்த நாள் விடிந்திருந்தது.

வாசலில் அக்காவின் கணவர் பெஞ்சில் குந்தியிருந்தார்.

"என்னா மச்சான், பிளேனைத் தள்ளிக்கிட்டே வந்தியா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தன. ஐஸ் பெட்டியைத் திறந்தபோது பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். முகம் பார்க்கும்படி இல்லை. சேலையைப் போர்த்தினேன். ஒரு பக்கத்தை அவள் மகள்தான் இழுத்துவிட்டாள்.

எடுத்து முடிந்ததும் அடுப்பு மூட்டி, முதல் தேத்தண்ணியை அவள் எனக்குத்தான் கொண்டுவந்தாள்.

"ஒரு மணி நேரந்தானே மாமா" என்றாள். அவள் பேச்சில் குத்தல் இல்லை. "அம்மா இல்லேன்னு இருந்துறாதீங்க. அடிக்கடி வந்துட்டுப் போங்க."

"சரிம்மா" என்றேன். ஊர் திரும்பியபின் இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை.