இரவல் நெருப்பு

எங்கள் வீட்டு அடுப்பு தினமும் விடிவதற்குள் அணைந்துபோகும். அதற்கு உயிர் கொடுப்பது என் வேலை. பரமத்தி வேலூர்ச் சந்தையில் தீப்பெட்டி விற்றதுதான். ஆனால் அது விளக்கு ஏற்ற மட்டும். அடுப்புக்கு ஒரு குச்சியைக் கிழித்தால் குடியே முழுகிவிடும் என்பதுபோல அப்பா பார்ப்பார். ஆகவே உடைந்த சட்டியின் ஓடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, களத்தைத் தாண்டிப் பெரியப்பா வீட்டுக்குத் தணல் வாங்கப் போவேன். அந்தத் தோட்டங்காட்டுக்குள் இருந்தவை எங்கள் இரண்டு வீடுகள்தான்.

மார்கழிக் குளிரில் அது லேசான வேலையா? காலில் நெருஞ்சி குத்தும். பெரியப்பா வீட்டு நாய்க்கு என்னைப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனாலும் தினமும் புதிதாகக் குரைக்கும். நாசமாய்ப் போன நாய்.

அந்த வருஷம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு இல்லை. பொதுக் கிணற்றில் யார் மாட்டைக் கட்டி எந்த நாள் தண்ணீர் இறைப்பது என்பதில் வந்த சண்டை. எங்கள் வீட்டுப் பெண்டுகள் அங்கே போகக் கூடாது, அங்கிருந்து இங்கே வரக் கூடாது என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டத்தில் நெருப்புக்கு மட்டும் விலக்கு. களி வேக வேண்டுமே! அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்ற அப்பா, அண்ணன் வீட்டு நெருப்பில் வெந்த களியை வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பெரியம்மாவுக்கு வெகுகாலம் கழித்து அப்போதுதான் வயிற்றில் பிள்ளை. நான் போனால் தணலை உடனே அள்ளிப் போட மாட்டாள். நேற்று என்ன குழம்பு, அம்மாவுக்கு இருமல் நின்றதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில்தான் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள் எங்கள் பக்கம். பெரியம்மா வெள்ளிக்கிழமையும் கொடுத்தாள். பாவம், கிழமை மறந்துவிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். திரும்பி வந்தால் அம்மா தணலைப் பார்க்க மாட்டாள், என் வாயைத்தான் பார்ப்பாள்.

“பெரியம்மா மூஞ்சி வீங்கியிருக்குதா? காலு?”

வீக்கமாவது ஒன்றாவது, எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அம்மா அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

இடையில் மாமன் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். அங்கே அத்தை புளியங்கட்டைத் தணலைச் சாம்பலில் புதைத்து, மேலே வறட்டி வைத்து மூடினாள். காலையில் ஊதினால் நெருப்புத் தயார்! அது அம்மா பிறந்து வளர்ந்த வீடு. அம்மாவுக்கே தெரியாத வித்தை எனக்குத் தெரிந்துவிட்டதே என்று தலைகால் புரியவில்லை.

ஊர் திரும்பியதும் யாருக்கும் சொல்லாமல் எங்கள் அடுப்பிலும் அப்படியே மூடி வைத்தேன். காலையில் கிளறி ஊதினேன், பருத்திமார்க் குச்சி பற்றிக்கொண்டது. அம்மா வந்து பார்த்தாள். மெச்சுவாள் என்று நின்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. போய்ப் பெரியம்மா வீட்டில் நெருப்பு வாங்கி வரச் சொன்னாள்.

மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பா காதில் அது விழுந்துவிட்டது. “அதான் எரியுதில்ல. அங்கென்ன சோலி?” என்றார்.

அம்மா உலை வைத்துவிட்டு, அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இத்தனை நல்ல நெருப்பை வைத்துக்கொண்டு ஏன் இப்படித் தவிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் ஏறியதும் முதலில் அந்த நாய் வந்தது, பின்னால் பெரியம்மா. ஒரு கை இடுப்பில், ஒரு கையில் தணல் போட்ட ஓடு. களத்தை மெல்ல மெல்லத் தாண்டி வந்து, எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“புள்ள நெருப்புக்கு வரலியே, மேலுக்கு முடியலையோன்னு வந்தேன்” என்றாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். மறுகணம் உலைப்பானையைத் தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். குபீரென்று புகையும் சாம்பலும் எழுந்தன. என் நெருப்புப் போயே போயிற்று.

“வாங்கக்கா. எங்கூட்டு நெருப்பு அணஞ்சு போச்சுங்க. நல்ல வேள, நீங்க கொண்டாந்தீங்க.”

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இனி என்ன ஆகுமோ என்று நான் அவரையே பார்த்தேன். அவர் கயிற்றுக் கட்டிலை அண்ணி பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டு, கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அம்மா பெரியம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை என்று தெரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு பேரும் பேசிய பேச்சு உச்சிவரை ஓயவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து என் நெருப்புக்காக அழுதேன். யார் கவனித்தார்கள்!

தை மாதத்தில் பெரியம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முதலில் கையில் வாங்கியது அம்மாதான். தணல் வாங்கும் வேலை மட்டும் என்னை விடவில்லை. எங்கள் அம்மாவுக்கு நெருப்பை மூடி வைத்துக் காக்கத் தெரியாது, சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வெகுநாள் சொல்லித் திரிந்தேன். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஆமாங்க, எனக்கு அது வர்றதே இல்லீங்க என்று தலையாட்டுவாள்.