நாலாக உடைத்த மாத்திரை

முடி கொட்டுவதற்கு முதலில் லோஷன்தான் வாங்கினேன். புதுக்கோட்டைத் தோல் டாக்டர் இரண்டு வழி சொன்னார். லோஷனைக் காலையும் மாலையும் தலையில் தடவ வேண்டும், மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். எதை நிறுத்தினாலும் வந்த முடி போய்விடுமாம். மாத்திரையால் சிலருக்கு ஆண்மை குறையலாம் என்றதும் லோஷனே போதும் என்று வந்துவிட்டேன்.

லோடு ஆட்டோ ஓட்டும்போது வியர்வையோடு லோஷன் நெற்றியில் இறங்கி அரிக்கும். தடவுவதைப் பார்த்து மனைவி சொன்னாள்:

"நாத்தங்காலுக்குக்கூட இம்புட்டு ஊத்த மாட்டாக. முளைச்சதும் சொல்லுங்க, களை எடுக்க வாரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. விழுங்கினால் யாருக்கும் தெரியாதே என்று அவளிடம் சொல்லாமல் மாத்திரைக்கு மாறினேன். மெடிக்கலில் காசு மிச்சமாகும் என்று பெரிய மாத்திரையைக் கொடுத்து நாலாக உடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் அரிவாள்மணையில் வைத்து உடைப்பேன். தூளைக் கையால் தட்டிவிடுவேன். அப்புறம் அவள் அதில் அவரைக்காய் நறுக்குவாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது.

அதன்பிறகுதான் ஒருநாள் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆஸ்பத்திரி போர்டில் பார்த்துப் பழகியதால் 'பிரெக்னன்ட்' என்ற இங்கிலீஷ் வார்த்தை மட்டும் அடையாளம் தெரிந்தது. மெடிக்கலில் காட்டினேன்.

"உடைச்ச மாத்திரைய மாசமா இருக்கவுங்க தொடக்கூடாதுன்னு போட்டிருக்குண்ணே."

அப்படியே டாக்டரிடம் போனேன்.

"அது வயித்துல ஆம்பளப் பிள்ளை இருந்தா, அதோட வளர்ச்சிக்காகச் சொல்ற எச்சரிக்கைங்க. கரு கலைஞ்சது இதனாலன்னு சொல்ல முடியாது. நெறையப் பேருக்குக் காரணமே தெரியாமக் கலையும்."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். மனசு ஆறவில்லை.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சேர்த்து. திட்டுவாள் என்று காத்திருந்தேன். மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

"எத்தனை மாசமாத் திங்கிறீங்க?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

துணியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அது ஆம்பளப் பிள்ளையாங்க?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதுவரை கேட்கவும் தோன்றவில்லை.