தோடம்பூ அத்தரும் ஒரு கிள்ளுப் பஞ்சும்

கல்முனைக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் மதிலை ஒட்டிய சின்னக் கடையில் அத்தர் விற்கிறேன். மற்ற அத்தரெல்லாம் கொழும்பிலிருந்து போத்தலில் வரும். நானே கலப்பது ஒன்றுதான், தோடம்பூ அத்தர்; தோடை என்றால் ஆரஞ்சு. மக்காவுக்கு உம்ரா போகிறவர்களிடம் சொல்லிவைத்துத் தோடம்பூ எண்ணெய் வரவழைப்பேன். அந்த வாசம் முதலில் இனிக்கும், பிறகு தோடையிலையைக் கசக்கியது போல லேசாய்க் கசக்கும், கொஞ்ச நேரத்தில் ஓடிவிடும். சந்தன எண்ணெயில் ஏற்றி ஒரு சொட்டு வெட்டிவேர் எண்ணெய் விட்டால்தான் நிற்கும்.

அதற்கு ஊரில் ஒரே பைத்தியம் என் மச்சான், தங்கச்சியின் மாப்பிள்ளை. கடலுக்குப் போகிற மனிசன். மீன் வாடையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். அதனால் பஞ்சைக் கிள்ளி, அத்தரில் தோய்த்து, வலக் காது மடிப்புக்குள் இறுக்கித் திணித்துக்கொள்வார். எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் வைப்பதை அவர் எல்லா நாளும் வைத்தார்.

"மச்சான், மீனெல்லாம் மயங்கி வலைக்குள்ள விழப்போகுது" என்பேன்.

"மீன் மயங்காட்டியும் பரவாயில்ல, உங்கட தங்கச்சி மயங்கினாப் போதும்" என்பார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தேடினோம். ஆள் இல்லை. மூன்றாம் நாள் மையவாடிக்கு, அடக்கம் செய்யும் இடத்துக்கு, வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முகம் பார்த்து யாரென்று சொல்ல முடியாத ஜனாஸாக்கள். குளிப்பாட்ட வழியில்லை. வாசமாவது வைத்து அனுப்புவோம் என்று கடையிலிருந்த அத்தரையும் பஞ்சுச் சுருளையும் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மையித்தின் காதிலும் மூக்கிலும் அத்தர்ப் பஞ்சு வைப்பது எங்கள் வழக்கம். வரிசையாகக் குனிந்து வைத்துக்கொண்டே போனேன். மற்ற அத்தரெல்லாம் முடிந்து தோடம்பூவையும் திறந்தேன். ஒரு ஜனாஸாவின் வலக் காதில் ஏற்கெனவே பஞ்சு இருந்தது. இதற்கு யாரோ வைத்துவிட்டார்கள் என்று அடுத்ததற்கு நகர்ந்துவிட்டேன். எல்லோரையும் ஒரே குழியில் அடக்கினோம்.

கொஞ்ச நாளில் பெரியவர்கள் வந்து தங்கச்சியை இத்தா இருக்கச் சொன்னார்கள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வாசம் பூசாமல், வெளியே போகாமல் இருக்கவேண்டும். அவள் சீறினாள்.

"மையித்தக் காட்டுங்க, இரிக்கிறன். அண்டைக்கும் காதுல பஞ்சு வெச்சிட்டுத்தான் போனாரு. அந்த வாசத்தோடயே வருவாரு."

அந்த வலக் காது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று மையவாடியில் பஞ்சுச் சுருள் இருந்தது என் கையில் மட்டும்தான். அப்படியென்றால் அந்தக் காதில் யார் வைத்தது? அட அறிவுகெட்டவனே! குனிந்து ஒருமுறை பார்த்தாயா? அந்தப் பஞ்சு வெள்ளையா, மண் படிந்ததா என்றுகூட நினைவில்லை. நினைவிருந்தாலும் என்ன செய்ய? ஊரில் பஞ்சு வைக்கிற காது அவருடையது மட்டுமா? அவர்தான் என்று சத்தியம் பண்ணவும் முடியாது, இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ தரம் அவள் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எனக்குப் பயம். வேறு காரணமே இல்லை.

நாலைந்து வருசத்துக்குப் பிறகு நாட்டில் நடந்த சண்டை முடிந்தது. வடக்கில் முகாம்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற கதை எங்கள் பக்கமும் வந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி கடைக்கு வந்தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"காக்கா, கடல் இவர வடக்க எங்கயாச்சும் ஒதுக்கியிருக்கும். சண்டைக்குள்ள மாட்டி வரேலாமப் போயிருப்பாரு. இப்ப வருவாருதானே?"

நான் அலுமாரிக்குள் எதையோ தேடுவது போல நின்றேன்.

"அந்தத் தோடம்பூ அத்தரக் கலந்து தாங்களன். வந்த உடனே கேப்பாரு."

கலந்தேன். வெட்டிவேர் ஒன்றுக்கு இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. அவள் சுருளில் பஞ்சைக் கிள்ளி, தோய்த்து, மூக்கருகே பிடித்தாள்.

"இதுதான் காக்கா. இதேதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நானே அவர்ர காதுல வெச்சு விடப்போறன். என்ன?"

"ஓம் தங்கச்சி" என்று போத்தலை மூடிக் கொடுத்தேன்.