அம்மா டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

அன்பான எல்லாச் சபையாருக்கும், என் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கிய நாட்கள். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, வீட்டிலேயே சாப்பிடும் புற்றுநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் காலையில் அம்மா எனக்கு டீ டம்ளரை நீட்டினார். என் கைக்கு நேராக நீட்டவில்லை. டம்ளர் கீழே விழுந்தது. அன்றிலிருந்து நடந்தால் தள்ளாட்டம். பேச்சு குழறியது. கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கிட்வாய் நகரில் வீட்டுவேலை செய்தே அம்மா என்னைப் பட்டதாரி ஆக்கினார். இன்று துவாரகாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. அம்மாவின் ரிப்போர்ட்டை நானே படிப்பேன், டாக்டரிடம் நானே பேசுவேன். ஆனால் அந்த வாரம் படிப்பு எனக்குப் பயத்தைத்தான் கூட்டியது. புற்றுநோய் மூளைக்குப் பரவினாலும் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது வீட்டுப் படியில் சுவரைப் பிடித்து இறங்கிய அம்மாவைப் பார்த்து, காலையிலேயே தண்ணி போட்டுவிட்டாயா என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி இந்தியில் கேட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரும், மது குடிப்பாரா என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குழறிய நாக்கோடு என்னிடம், "நம்ம சபையில திருவிருந்துக்கே ஒயின் இல்ல, திராட்ச ஜூஸுதான்னு அவருக்குச் சொல்லுடி" என்றார். கூட வந்திருந்த எஸ்தர் அக்கா சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

எஸ்தர் அக்கா எங்கள் ஜெபக்குழுவை நடத்துபவர். முதல் நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துணையாக வருபவர். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் அம்மா அக்காவை ஒரு தரம் பார்ப்பார். பிறகு இல்லை என்று தலையாட்டுவார். அன்றும் அப்படித்தான்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே காத்திருந்தோம். அக்கா டீ வாங்கப் போனார்.

"எனக்கு மண்டையில வந்துடுச்சா?" என்றார் அம்மா.

"தெரியலம்மா."

அந்த பெஞ்சிலேயே கண்ணை மூடி வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இது என்னன்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. நீங்க தெரியப்படுத்துங்க. அம்மாவ எடுத்துக்காதீங்க."

கண்ணைத் திறந்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"நான் பிட்ஸ் மாத்திர சாப்புடறன்டி. அரிசி டப்பாவுல வச்சிருக்கன்."

அம்மாவுக்கு இளவயதிலிருந்தே வலிப்பு உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது, கர்த்தர் தன்னைக் குணமாக்கிவிட்டார் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். எஸ்தர் அக்கா கட்டிக்கொண்டு அழுதாராம். சில மாதத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது மறுபடி வலிப்பு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒளித்துவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"அவ்ளோ பேர் முன்னாடி சொன்னன். இப்ப மாத்திர போடறன்னா கர்த்தர் பேரு கெட்டுப் போவாதா?"

நான் டாக்டரிடம் ஓடினேன். உடனே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வலிப்பு மாத்திரை உடம்பில் தேங்கி, விஷமாகும் அளவுக்கு ஏறியிருந்தது. அதை உடம்பு கழிக்க முடியாதபடி புற்றுநோய் மாத்திரை தடுத்திருக்கிறது. தனித்தனியே நல்ல மருந்துகள். சேர்ந்தபோது என் அம்மாவைக் குடிகாரி போலத் தள்ளாட வைத்தன. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூளை சுத்தமாக இருந்தது.

டாக்டர் புற்றுநோய் மாத்திரையைச் சில நாள் நிறுத்தினார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வேகமாகத் திரும்பும் என்பதால், நரம்பு மருத்துவர் கவனித்துக் குறைத்து, பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார். நாட்டு மருந்து, இருமல் டானிக், மது எதுவானாலும் கேட்காமல் தொடாதீர்கள் என்றார்கள். சில புற்றுநோய் மாத்திரைகளோடு பம்பளிமாஸ் பழம்கூட ஆகாதாம்.

எஸ்தர் அக்காவிடம் அம்மாவே சொன்னார். அக்கா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லக்கூட உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அம்மா யாரையும் பிடிக்காமல் நடக்கிறார். போன ஞாயிறு சபையில் எழுந்து நின்றார். "எனக்கு வலிப்பு இன்னும் இருக்குது. மாத்திரையும் போடறன். கர்த்தரும் என்கூட இருக்காரு" என்று சொல்லி உட்கார்ந்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அன்புள்ளவர்களே, பயத்தில் இருக்கிறீர்களா? என்னைப் போலக் கேளுங்கள். அவர் தெரியப்படுத்துவார். அவர் பெயரைக் காப்பாற்ற நம் பொய் அவருக்குத் தேவையில்லை.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு அக்கா அம்மாவிடம் குனிந்து, "எனக்கும் சுகர் மாத்திர ஓடுது, யாருக்கும் தெரியாது" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்டுக்கினே ஜெபம் பண்ணு" என்றார்.