ரேடியேற்றருக்குள் செதில்

யசிந்தா பண்டத்தரிப்பில் மருத்துவிச்சி. கணவர் செத்தபோது அவளுக்கென்று மிஞ்சியது ஒரு பழைய ஒஸ்ரின் கார். 1992இல், யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், அது மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியது. பிள்ளைப்பேறு சிக்கலானால் அயற்சனம் அவள் வாசலுக்குத்தான் ஓடிவரும். அவளே காரோட்டிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவாள்.

ஒரு சனிக்கிழமை, குருநகரில் மீன் வியாபாரம் செய்யும் அவளுடைய அண்ணன் சிமியோன் காரை இரவல் வாங்கி, குடாநாட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்கு மீன் பெட்டி ஏற்றிப் போனான். மறுநாள் அவள் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான்.

திங்கள் காலை அயலிலிருந்த கமலாவதிக்கு வலி கண்டது. தோட்டக்காரக் குடும்பம், சுத்த சைவம். அவளைக் காரில் ஏற்றிப் போகையில், மானிப்பாயை எட்டுமுன்னே முன்பக்கப் பொனற்றிலிருந்து ஆவி சீறியது. கூடவே அவிந்த மீன் நாற்றம். பின்னால் துடித்துக்கொண்டு கிடந்தவள் சத்தியெடுத்தாள்.

“ஐயோ, என்ன நாத்தம் அக்கா இது?”

யசிந்தாவுக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது. வெங்காயம் ஏற்றிவந்த உழவு இயந்திரமொன்றை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவளைக் கிடத்திக் கொண்டுபோனாள். தாயும் பிள்ளையும் தப்பியது அருந்தப்பு. அந்த உழவு இயந்திரமே பிறகு காரையும் வீட்டுக்கு இழுத்து வந்தது.

மறுநாள் எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேற்றரின் அடிக்குழாயைக் கழற்றினாள். கொழகொழவென்று மஞ்சள் கலங்கல் வடிந்தது. அதற்குள் மீன் செதில்கள். விரலில் ஒட்டிய செதிலை உதறினாள், போகவில்லை. கொதித்த காருக்கு அண்ணன் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறான்!

கிணற்று நீரால் நாலு தரம் அலசி, நிரப்பி, ஸ்ராட் செய்தாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி கொதித்தது. எஞ்சின் நெருப்பாய்ச் சுட்டது, மேல்குழாயோ குளிர்ந்து கிடந்தது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சேலைன் குழாயில் குமிழி நின்றால் ஓட்டம் தடைப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

எஞ்சின் ஆறும்வரை பொறுத்தாள். ஜக் அடித்து முன்பக்கத்தை உயர்த்தி, பனங்குற்றிகளில் நிறுத்தினாள். மூடியைத் திறந்தபடி விட்டு மெதுவாகத் தண்ணீர் வார்த்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல்குழாயைப் பிசைந்தாள். குமிழிகள் குளுக் குளுக்கென்று மேலே வந்து வெடித்தன. ஒவ்வொன்றும் அதே நாற்றத்தை முகத்தில் அடித்தது. சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீர் இறங்க இறங்க வார்த்தாள். கடைசியில் குமிழி நின்றது, மேல்குழாயும் சுட்டது. மூடியைப் பூட்டினாள்.

பின்னேரம் சிமியோன் வந்தான்.

“அண்ணை, இதுக்குள்ளை என்னத்தை ஊத்தினனீங்கள்?”

“வழியிலை கொதிச்சுது. வாளியிலை கிடந்ததை விட்டன். அதுவும் தண்ணிதானே?”

“ஒரு பிள்ளைத்தாச்சி நடுறோட்டிலை கிடந்தவள். கேள்விப்பட்டனீங்களோ?”

“ஓம், ஓம். பிள்ளை பிறந்திட்டுதுதானே!” என்று சிரித்தான். “நாளைக்கும் ஒருக்கா கார் வேணும்.”

அவள் காரைப் பூட்டி, திறப்பை உருவிச் சேலைத்தலைப்பில் முடிந்தாள்.

“போங்கோ அண்ணை. இந்தத் திறப்பு இனி உங்கடை கைக்கு வராது.”

தங்கச்சிக்குத் தலைக்கனம் என்று அவன் குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு அவன் வந்தபோது வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.