அறுபத்தேழு நாள்

1974ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, உடுப்பிட்டியில் ஞானாம்பிகை அம்மையாரை முதன்முதலாகச் சந்தித்தேன். அவருடைய ஒரே மகள் பத்மாசினியை என் தம்பி சோமசேகரத்துக்குப் பெண் பார்க்கச் சென்றிருந்தோம். எங்கள் தந்தையார் காலமாகிவிட்டதால், பள்ளி ஆசிரியனும் தமையனுமாகிய நானே பேசவேண்டியிருந்தது. அம்மையாரும் கணவரை இழந்தவர். கணவர் விட்டுச்சென்ற வெங்காயத் தோட்டத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாமே பார்த்துவந்தார்.

பயித்தம்பணியாரத் தட்டை வலக்கையால் மட்டும் தூக்கிவந்து வைத்தார். இடக்கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

“கடியுங்கோ தம்பி. மாப்பிள்ளைக்குப் பல்லு உறுதியோ எண்டு பாக்கத்தான் கொஞ்சம் முறுகச் சுட்டனான்.”

எல்லோரும் சிரித்தோம். திருமணம் ஜூன் 23 என்று முடிவாயிற்று.

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் தூரத்துப் பங்காளி ஒருவர் இறந்தார். சாவுத் தீட்டான துடக்கை மூன்று நாள் காத்தால் போதும் என்றார் குருக்கள். நான் முப்பத்தொரு நாள் என்றேன். பின்னர் ஆடி வந்துவிடும். ஆகவே ஆவணியில், ஆகஸ்ட் 29 என்று எழுதியனுப்பினேன். கடிதம் கிடைத்த அன்றே அம்மையார் பஸ் ஏறி மானிப்பாயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மாஸ்டர், முதல் வைச்ச நாளிலேயே செய்யேலாதோ? குருக்கள் மூண்டு நாளெண்டுதானே சொன்னவர்.”

“ஓம் மாமி. ஆனால் ஊர் கதைக்கும்.”

“கதைக்கும்தான்,” என்றார். தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

ஆகஸ்ட் 29இல் திருமணம் நடந்தது. நாலாஞ் சடங்கு முடிந்ததும், கண் காட்டக் கொழும்புக்குப் போகவேண்டும், இங்கிலீஷ் தெரிந்தவர் துணை வேண்டும் என்று அம்மையார் எனக்குச் சொல்லியனுப்பினார். மருமகனைக் கேட்கவில்லை. கோட்டை ஸ்டேஷனில் இறங்கியபின், திருநீற்றுப் பையிலிருந்து எட்டாக மடித்த கடிதமொன்றை எடுத்துத் தந்தார். மானிப்பாய் ஆஸ்பத்திரி டாக்குத்தர் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு எழுதியது. மார்பில் கட்டி, உடனே பார்க்கவும் என்றிருந்தது. திகதி மார்ச் 18.

மகரகமையில் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது கேட்டேன்.

“ஏன் மாமி, மார்ச்சிலேயே வரேல்லை?”

“பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறுமட்டும் தாங்கெண்டு எங்கடை கோயில் அம்மாளாச்சியைக் கேட்டனான். அவவின்ரை திருநீற்றைத்தான் பூசினனான். தாங்கினவதானே. அதுக்கு மேலை நான் கேக்கேல்லை.”

“எங்களிட்டையாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தால் பெண் எடுத்திருப்பியளோ, மாஸ்டர்?”

எதிர்ச்சுவரில் சிங்கள நாட்காட்டி ஒன்று தொங்கியது. எனக்கு இலக்கங்களை மட்டுமே வாசிக்க முடிந்தது.

பரிசோதித்த டாக்குத்தர், இனி வெட்டிப் பயனில்லை, இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் முயன்றிருக்கலாம் என்று இங்கிலீஷில் சொன்னார்.

“என்னவாம்?” என்று அம்மையார் கேட்டார்.

“மருந்து தருவினமாம்,” என்றேன்.

அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பையை மூடிக்கொண்டார்.

1975 தை மாதம் காலமானார். அதுவரை ஞாயிறுதோறும் உடுப்பிட்டிக்குச் சென்றுவந்தேன். வெங்காய விலை, என் பள்ளிக்கூடம், மகள் கருவுற்றிருப்பது, எல்லாம் கதைத்தார். மணமாகிப் போன மகளின் வீட்டுக்குத் துடக்கு மூன்று நாளே என்றார் குருக்கள், அப்படியே காத்தோம். ஊர் ஒன்றும் கதைக்கவில்லை.

ஜூன் 23 முதல் ஆகஸ்ட் 29 வரை அறுபத்தேழு நாள். அவற்றை அவர் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை.