சித்திரையில் மழை சொன்னவர்

தண்டலத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தால், ஒரு கணம் தயங்கித்தான் எடுப்பேன். அன்றும் அப்படித்தான். "மேடம், அந்தோணி பேசறேன். அக்கா காலைல போய்ட்டாங்க" என்றது குரல். பிலோமினா அக்கா. நான் முன்பு வேலை பார்த்த கார் தொழிற்சாலையில் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர். அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அவர் குரல் நினைவிருக்கும். எனக்கு அவர் கைகளும் நினைவிருக்கின்றன.

அப்போது நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. என் கணவர் சின்ன வண்டி லைனில் இருந்தார். டிக்கி கிடையாது, பின்கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டும் என்பதால் லைனில் அந்த வண்டிக்கு 'மொட்டை' என்று பெயர். "சீர்த்தட்டு வெக்க எடம் இருக்குதா? எவன் வாங்குவான் மொட்டைய?" என்று செய்தவர்களே சிரிப்பார்கள். விற்காத வண்டிகள் மதிலோரம் வரிசையாக நிற்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. இனி பெரிய வண்டி மட்டும்தான், மொட்டையை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

தலைமை அலுவலகத்தின் பேச்செல்லாம் அக்காவின் பலகை வழியாகத்தான் போகும். அதனால் ஏதாவது சாக்குச் சொல்லி ஆட்கள் அவர் அறைக்கு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "இன்னாக்கா, மொட்டைக்கு கருமாதி எப்போ?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "கம்பெனிக்கு என் காதத்தான் குடுத்துக்கிறேன். வாய வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன், போய்யா" என்றார் அக்கா. கேட்டது வெளியே போனால் அன்றே வேலை போகும் என்று மேலாளர் எச்சரித்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் செருகப்போன இணைப்பு முனை, துளையில் சேராமல் இரண்டு முறை வழுக்கியதை நான் பார்த்தேன்.

படப்பையில் வாங்கிப் போட்ட மனையில், என் சங்கிலியை விற்று அந்த மாதமே வீடு தொடங்குவதாக இருந்தோம். சாப்பாட்டு வேளையில் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் தூக்கை மூடினார்.

"கடக்கால் இப்போ தோண்டாத புஷ்பா. மழ வரும்."

"சித்திரையிலயா அக்கா?"

"வரும்னா வரும்." என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்.

சங்கிலியை விற்பதைத் தள்ளிப்போட்டேன். வீட்டில் அக்கா சொன்னதைச் சொன்னபோது, "அந்தம்மாவுக்கு வெயில்ல கலங்கிப்போச்சி" என்று சிரித்த கணவர் பாதியில் நிறுத்திவிட்டார். தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பேன். அது வெளுத்துக் கிடக்கக் கிடக்க என் பயம் கூடியது.

அக்காவின் தம்பி அந்தோணியும் அதே லைன்தான். பலகையில் அக்காவின் கை தடுமாறிய அந்த வாரம்தான், அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் கூரையைப் பிரித்து ஓடு போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாடா, மாமியார் வூட்ல பொதையல் கெடச்சிச்சா?" என்று லைனில் கேலி செய்தார்கள்.

பிறகு ஒரு காலை, வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். லைன் நின்றது. என் கணவருக்கு மறுபடி வேலை கிடைக்கும்வரை அந்தச் சங்கிலிதான் எங்களுக்குச் சோறு போட்டது. நன்றி சொல்லப் போனேன். "நான் இன்னா சொன்னேன்? மழன்னேன். பெய்ல. போ" என்றார். அதன் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. எங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குக்கூட அவர் பயந்தார்.

அக்காவின் அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தோணி என் பக்கத்தில் வந்தார். "லைன் நிக்கப்போவுதுன்னு உங்களுக்காச்சும் முன்னமே சொன்னாங்களா மேடம்? கூடப் பொறந்தவன், எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"மழை வரும்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் நின்றுவிட்டார்.

"எனக்கும் அதான் மேடம் சொல்லுச்சு. மழ வரும்டா, பாத்து இருடான்னு. ஒழுவற கூரையாச்சேன்னு, மறுநாளே வட்டிக்கு வாங்கி ஓடு போட்டேன்."

அடுத்த வீட்டில் ஓடு ஏறுவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலை பலகையின் முன் வந்து உட்கார்ந்த அக்காவை நினைத்தேன். அந்தக் கைகள் எதற்கு நடுங்கின என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு சொல்தான். மழை வரும் என்று யாராவது சொன்னால் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. சொன்னவரின் கைகளைப் பார்க்கிறேன்.